எலும்பு தெரியும் காலுக்கு வெறும் தோல் ஏன் போதாது?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. புதுக்கோட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த அவருடைய தம்பிக்கு 31 வயது. வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இடது கால் நசுங்கிவிட்டது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்பக்கத்தில் தோல் போய் எலும்பு தெரிகிறது. வெளியிலிருந்து கம்பி போட்டு எலும்பை நிறுத்தியிருக்கிறார்கள். காயத்தின் மேல் ஸ்பாஞ்ச் வைத்து மெஷின் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தொடையிலிருந்து சதை எடுத்துக் காலில் வைக்கப் போகிறோம், 8 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எங்க மாமியாருக்குச் சர்க்கரைப் புண்ணுக்குத் தோலை மட்டும்தானே எடுத்து ஒட்டினாங்க, சீக்கிரம் முடிஞ்சுதே. இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ஆபரேஷன்? ஏன் இவ்வளவு அவசரம்? இத்தனைக்கும் அப்புறமும் கால் போயிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. அறுவை அரங்கிலும், பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி வார்டிலும் பல வருஷம் வேலை பார்த்த தாதி. இந்த ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குடும்பங்கள் எதைக் கேட்கின்றன, எதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன என்று தெரியும். உங்கள் தம்பிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமியார் விஷயம். தொடையில் மெல்லியதாகச் சீவி எடுக்கும் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. வைத்த இடத்திலிருந்து ஊறி வரும் திரவத்தில்தான் முதல் இரண்டு நாள் பிழைத்திருக்கும். அதற்குள் அடியிலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து வந்தாக வேண்டும். மாமியாரின் புண்ணில் அடியில் சிவப்பான சதை இருந்திருக்கும், அதனால் பிடித்துக்கொண்டது. உங்கள் தம்பிக்கு அடியில் இருப்பது மேலுறை உரிந்த எலும்பு. புல்பத்தையை வெட்டி எடுத்து வந்து பாறைமேல் விரித்தால் காய்ந்துதான் போகும். அங்கே எதையாவது நட வேண்டுமென்றால் வேரோடும் மண்ணோடும் சேர்த்துத்தான் பெயர்த்து வர வேண்டும். அப்படித் தன் ரத்தக்குழாயோடு இடம் மாறி வரும் சதையைத்தான் ஃப்ளாப் என்கிறோம். எலும்பின் மேலுறையும் தசைநாரின் மேலுறையும் பத்திரமாக இருந்தால் சில சமயம் தோல் ஒட்டே போதும். அது உரிந்துபோயிருந்தாலோ, உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் தெரிந்தாலோ தோல் மட்டும் நிற்காது.

கால் எலும்பு ஏன் இவ்வளவு சிக்கலான இடம் என்று உங்கள் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாலே தெரியும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உள்பக்கம் எலும்புக்கும் விரலுக்கும் நடுவே தோலைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்பக்கம் கெண்டைச் சதை இருக்கிறது, ஆனால் அதுவும் கீழே போகப் போக வெறும் தசைநாராகி குதிகாலில் போய்ச் சேர்கிறது. அதனால் காயம் காலின் மேல் மூன்றில் ஒரு பங்கிலா, நடுப் பங்கிலா, கீழ்ப் பங்கிலா என்பதுதான் பழைய நாளிலிருந்து டாக்டர்கள் முதலில் பார்க்கும் கணக்கு. முழங்காலுக்குக் கீழே என்றால் கெண்டைச் சதையின் உள்பக்கத் தலையை ஒரு முனையில் அவிழ்த்து, முழங்காலுக்குப் பின்னால் அதற்கு வரும் ரத்தக்குழாயை விட்டுவைத்து, முன்பக்கம் திருப்பி எலும்பை மூடிவிடுவார்கள். மேலே ஒரு தோல் ஒட்டு. அந்தத் தலை ஒன்று போனாலும் மீதித் தசைகள் தாங்கிக்கொள்ளும், பெரும்பாலானவர்கள் சாதாரணமாக நடக்கிறார்கள். நடுப் பங்கு என்றால் அதற்கு அடியில் உள்ள சோலியஸ் தசையை அதே மாதிரி திருப்புவார்கள். கீழ்ப் பங்கில்தான் பக்கத்தில் கடன் வாங்கச் சதையே இல்லை. உங்கள் தம்பியின் காயம் அங்கே இருக்கிறது.

அதற்காகக் கீழ்ப் பங்கு என்றாலே தொடைச் சதைதான் என்று அர்த்தமில்லை. வேறு இரண்டு வழிகள் உண்டு. டாக்டர் அவற்றையும் யோசித்துத்தான் விட்டிருப்பார். நீங்கள் கேட்டால் ஏன் விட்டார் என்றும் சொல்வார்.

ஒன்று ப்ரொப்பெல்லர் ஃப்ளாப். பெரிய தமனியிலிருந்து தசைகளின் இடைவெளி வழியாகத் தோலுக்கு ஏறி வரும் மெல்லிய குழாய்கள் காலில் வரிசையாக இருக்கின்றன. காயத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குழாயை, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் கேட்டுக் கண்டுபிடித்து, அதை மட்டும் அச்சாக வைத்துச் சுற்றியுள்ள தோலைத் தீவு மாதிரி வெட்டி, அரைவட்டம் வரை திருப்பிக் காயத்தின்மேல் கொண்டுவந்து விடலாம். ஜப்பானில் ஹியாகுசோகு என்ற டாக்டர் 1991ல் இந்தப் பெயரை வைத்தார், பிறகு பலர் அதைக் கால் காயங்களுக்கு வளர்த்தெடுத்தார்கள். நேர்த்தியான வேலை, அறுவை நேரமும் குறைவு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் அகலக் குழாயையும் அதோடு வரும் சிரையையும் முறுக்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது. சிரை முறுக்கிக்கொண்டால் ஃப்ளாப்பின் நுனி கறுத்துவிடும். கத்தியாலோ கண்ணாடியாலோ பட்ட சுத்தமான காயத்துக்கு இது அருமை. ஃபோர்க்லிஃப்ட் நசுக்கிய காலில் நிலைமை வேறு. வெளியே தெரியும் ஓட்டையைத் தாண்டியும் சுற்று வட்டாரத்துக் குழாய்கள் அடிபட்டிருக்கும். மேலே தோல் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே குழாய் கன்றிப்போயிருக்கும். பக்கத்துச் சதையை நம்பாமல் தூரத்திலிருந்து கொண்டுவர நினைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று சூரல் ஃப்ளாப். கெண்டைக்காலின் பின்பக்கத் தோலைக் கொழுப்போடும் அடிப்படலத்தோடும் எடுத்து, கீழ்முனையை விட்டுவைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் குதிகாலுக்கோ கணுக்காலுக்கோ கொண்டுவருவது. வெளிக்கணுக்காலுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் மேலே வரும் குழாய்கள்தான் அதற்கு ரத்தம் கொடுக்கின்றன. பிரான்சில் மாஸ்கெலேயும் அவரது குழுவினரும் 1992ல் எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மைக்ரோஸ்கோப் வேண்டாம், இரவெல்லாம் நிற்கும் குழு வேண்டாம், நீண்ட மயக்கம் தாங்காத வயதானவர்களுக்கும் செய்யலாம். ஊரில் பல ஆஸ்பத்திரிகளில் கால்களைக் காப்பாற்றும் ஃப்ளாப் இது, அதனால் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குறைகளும் உண்டு. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். ரத்தம் உள்ளே வருகிறது, ஆனால் திரும்பிப் போகத் தடுமாறும், அதனால் ஃப்ளாப் ஊதா நிறமாக வீங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இது கூடுதலாகக் கைவிடுகிறது.

சரி, இப்போது தொடைக்கு வருவோம். தொடையின் முன்பக்க வெளிப்புறத் தோலை எடுப்பதைச் சீனாவின் சோங் குழுவினர் 1984ல் விவரித்தார்கள். தைவானின் ஃபூ-சான் வெய் குழுவினர் 672 ஃப்ளாப்களின் அனுபவத்தை 2002ல் வெளியிட்ட பிறகு உலகம் முழுவதும் அதிகம் கை போகிற இடமாக அது ஆகிவிட்டது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி ஓரத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 சென்டிமீட்டருக்குள் பெரும்பாலும் அந்தக் குழாய் கிடைத்துவிடும். தம்பியின் தொடையில் பேனாக் கோடும் வட்டமும் பார்த்தீர்கள் என்றால் அதுதான் இது. அந்தக் குழாயைத் தசைக்குள் தொடர்ந்து போய், தாய்க்குழாய் வரை நீளமாக எடுத்துக்கொள்ளலாம். நீளம் முக்கியம். நசுங்கிய வட்டாரத்தைத் தாண்டி, நல்ல இடத்தில் போய்த் தைக்க வேண்டும் அல்லவா? எடுக்கும் தோல் சுமார் 8 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால் தொடையை நேராகத் தைத்து மூடிவிடலாம், ஒரு நீளத் தழும்பும் கொஞ்சம் மரத்த இடமும் மிஞ்சும். நடைக்குப் பெரிய பாதிப்பு வராது.

காலில் போய்த் தைக்கும் கட்டத்துக்குத்தான் நேரம் ஆகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்கள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையில் தையல் போடுவார்கள். தமனிக்கு ஒரு இணைப்பு, சிரைக்கு முடிந்தால் இரண்டு. பாதத்துக்குப் போகும் தமனியை அறுத்து முனையோடு முனை சேர்க்காமல், பல சமயம் அதன் பக்கவாட்டில் ஒரு சிறு துளை போட்டு அங்கே இணைப்பார்கள், பாதத்துக்குப் போகும் ஓட்டம் நிற்கக் கூடாது என்பதற்காக. ஆபரேஷனுக்கு முன் சிடி ஆஞ்சியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். காலுக்குப் போகும் மூன்று தமனிகளில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதை அதில்தான் பார்ப்பார்கள்.

தொடைத் தோலுக்குப் பதில் தொடையின் உள்பக்கத்திலிருந்தோ முதுகிலிருந்தோ தசையை எடுப்பவர்களும் உண்டு. கிருமி பிடித்த எலும்புக்குத் தசைதான் நல்லது என்று முன்பு உறுதியாகச் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை, செத்த எலும்பையும் சதையையும் முழுக்க வெட்டி எடுத்துச் சுத்தம் செய்திருந்தால் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. பின்னால் எலும்புக்காக மறுபடி திறக்க வேண்டியிருந்தால் தோல் ஃப்ளாப்பைத் தூக்கி மூடுவது சுலபம். இள வயதுக்காரருக்கு நான் கேட்டால் தோலைத்தான் கேட்பேன். எலும்பிலேயே பெரிய துண்டு போயிருந்தால் கதை வேறு. பக்கத்து மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து வைக்கலாம். சிங்கப்பூரின் ராபர்ட் ஃபோ, மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டி வந்த எலும்புக்குப் பதிலாகக் காலின் அந்த எலும்பை ரத்த ஓட்டத்தோடு வைத்ததை 1979லேயே வெளியிட்டார். இந்த வேலை இங்கே பழக்கமில்லாத வேலை என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஏன் அவசரம் என்றும் கேட்டிருந்தீர்கள். இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகரான லூப்லியானாவில் மார்கோ கொடினா என்ற டாக்டர் இருந்தார். 532 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து, அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களுக்குத்தான் ஃப்ளாப் தோல்வியும் கிருமித் தொற்றும் மிகக் குறைவு என்று 1986ல் காட்டினார். அதே வருஷம் கார் விபத்தில் இறந்துபோனார், நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் சொன்ன அந்த 72 மணி நேரம் இன்றும் பிரிட்டனின் வழிகாட்டுதலில் இருக்கிறது. தம்பியின் காயத்தில் உறிஞ்சிக்கொண்டிருக்கும் மெஷின் ஃப்ளாப்புக்கு மாற்று இல்லை. காயத்தைச் சுத்தமாக வைத்து, நல்ல குழு சேரும்வரை சில நாள் அவகாசம் வாங்கித் தருகிறது. மெஷின் நன்றாக உறிஞ்சுகிறதே, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திறந்த எலும்பு காயக் காயச் செத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது என் வேலை நடந்த இடம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள்தான் ஃப்ளாப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. முதல் நாள் மணிக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்போம், ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கைப் போட்டு எழுப்புவோம். தம்பி அலுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் நிறம், தொடையின் மீதித் தோலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நம் ஆட்களின் கருத்த தோலில் நிறம் மாறுவது சட்டென்று தெரியாது, அதனால் நல்ல வெள்ளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மற்ற அடையாளங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். விரலால் லேசாக அழுத்தி விட்டால் வெளிறி, சுமார் இரண்டு விநாடியில் பழைய நிறம் திரும்ப வேண்டும். திரும்பவே இல்லை, சதை சில்லென்று தொய்ந்து கிடக்கிறது என்றால் தமனி அடைத்திருக்கலாம். விரலை எடுத்த கணமே பளிச்சென்று திரும்புகிறது, சதை விம்மி ஊதாவாக இருக்கிறது என்றால் சிரை அடைத்திருக்கலாம். முதலாவதைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம் வரும். இரண்டாவது பார்க்க உயிரோட்டமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். புதிதாக வரும் தாதிகளுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஃப்ளாப்பின் மேல் ஓரிடத்தில் ஒரு தையல் முடிச்சு வைத்திருப்பார்கள். குழாய் ஏறி வரும் இடம் அது. அங்கே ஜெல் தடவி பென்சில் மாதிரியான டாப்ளரை வைத்தால் விட்டுவிட்டு "உஷ், உஷ்" என்று தமனியின் சத்தம் கேட்கும். சிரை வேறு மாதிரி, காற்று வீசுகிற மாதிரித் தாழ்ந்த இழுவை. சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசியால் குத்திப் பார்ப்பார். பளிச்சென்ற சிவப்புத் துளி மெல்ல எழுந்தால் நிம்மதி. கறுத்த ரத்தம் வேகமாக வழிந்தால் அப்போதே தியேட்டருக்குப் போக வேண்டும். அந்த இணைப்பை மறுபடி திறந்து உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துத் தைத்துப் பல ஃப்ளாப்களைக் காப்பாற்றலாம், ஆனால் அதற்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை தியேட்டருக்குக் கூட்டிப் போனால் கெட்ட செய்தி என்று உடனே நினைத்துவிடாதீர்கள். சரியான நேரத்தில் யாரோ கவனித்திருக்கிறார்கள். அனுபவமுள்ள இடங்களில் இந்த ஃப்ளாப்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கின்றன.

இந்த நாட்களில் குடும்பத்தால் கெடுக்கவும் முடியும், காப்பாற்றவும் முடியும். தம்பி புகைப்பவர் என்றால் இன்றோடு நிறுத்த வேண்டும், நண்பர்கள் பார்க்க வரும்போது சக்கர நாற்காலியில் கீழே கூட்டிப்போய் ஒன்று கொடுப்பது நான் கண்ணால் பார்த்த விஷயம். நிகோடின் இந்த நுண்குழாய்களை இறுக்கிவிடும். எலக்ட்ரானிக் சிகரெட்டிலும் அதே நிகோடின்தான், சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றமும்கூட. காலைத் தலையணைமேல் உயர்த்தியே வைக்க வேண்டும். டாக்டர் அனுமதிக்கும்வரை தொங்கப்போடக் கூடாது. பொதுவாக 5 முதல் 7 நாள் கழித்து, துணிக்கட்டு சுற்றி, ஐந்து நிமிடம் தொங்கவிட்டு நிறம் பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முதல் தடவை தொங்கவிடும்போது ஃப்ளாப் கறுத்துத் தெரிந்தால் பதற வேண்டாம், தூக்கி வைத்ததும் தெளிய வேண்டும், அதுதான் கணக்கு. ஊன்றி நடப்பது எப்போது என்பதை ஃப்ளாப் முடிவு செய்யாது, எலும்பு முடிவு செய்யும். அதற்குப் பல மாதங்கள் ஆகும்.

கால் போய்விடுமா என்பதற்கு நேரான பதில் தருகிறேன். பாதத்துக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா, உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா அல்லது திரும்புமா, எலும்பும் தசையும் எவ்வளவு போயிருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை டாக்டர்கள் இந்த மாதிரிக் கால்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006ல் வெளியிட்டார்கள். 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது, நடுவில் இருப்பது டாக்டரின் அனுபவத்துக்கு. உங்கள் டாக்டர்கள் இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குத் தயாராகிறார்கள் என்றாலே கால் காப்பாற்றத் தகுந்தது என்று கணித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002ல் வந்தது. காலைக் காப்பாற்றியவர்களும் எடுத்தவர்களும் இரண்டு வருஷம் கழித்து ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள், காப்பாற்றியவர்கள் கூடுதல் தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இதை மறைக்காமல் சொல்வது முக்கியம், ஏனென்றால் நீண்ட பாதை அது. ஆனாலும் செயற்கைக் காலை ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்து மாற்றிக்கொண்டு, ஊரில் வயலிலும் சேற்றிலும் நடக்க வேண்டிய 31 வயதுக்காரருக்கு, ரத்தமும் உணர்ச்சியும் இருக்கும் காலைக் காப்பாற்றப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஆபத்து இருக்கிறது, யாரும் எதிர்பார்க்காதது. ஃப்ளாப்பில் உணர்ச்சி இருக்காது. ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னார்கள் என்று சுடவைத்த எண்ணெய், உப்பு ஒத்தடம், பச்சிலைக் கட்டு எதையும் அங்கே வைக்காதீர்கள். சுட்டுப் புண்ணானாலும் அவருக்கு வலிக்காது. ஃப்ளாப் மேடாக, அழகில்லாமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு அப்புறம் கொழுப்பைக் குறைத்துச் சரிசெய்யலாம், செருப்புப் போட முடியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

பண விஷயம். வேலையிடத்தில் பட்ட காயம் என்பதால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு வரை அல்லது விபத்து நடந்து ஒரு வருஷம் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. ஆஸ்பத்திரி விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், அதன் பிறகு ஒரு வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. எம்சி (மருத்துவ விடுப்பு) தாள்களையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "லைட் டியூட்டி எழுதி வாங்கிக்கொள், சீக்கிரம் வேலைக்கு வா" என்று யாராவது தம்பியிடம் சொன்னால் டாக்டரிடமும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் உடனே சொல்லுங்கள்.

நாளைக்கு டாக்டர் சுற்றி வரும்போது தமிழ் பேசும் தாதி யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லி, இவற்றைக் கேளுங்கள்: காலில் எத்தனை தமனி ஓடுகிறது, செத்த சதை முழுக்கச் சுத்தமாகிவிட்டதா, எந்தக் குழாயோடு இணைக்கப் போகிறீர்கள், ஃப்ளாப் வைக்கும் அன்றே உள்ளே நிரந்தரக் கம்பி போடுவீர்களா, முதல் ஃப்ளாப் பிடிக்காமல் போனால் அடுத்த வழி என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் அதற்குப் பதிலை ஆபரேஷனுக்கு முன்பே யோசித்து வைத்திருப்பார்.